மொட்டைமாடி சோலார் ஹீட்டர்: பிளாஸ்டிக் குழாய் தாங்குமா, செம்புக்குத்தான் போக வேண்டுமா?

சேர்வராயன் (ஏற்காடு) – பிப்ரவரி 24, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நான்கு பேர். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டுவலி. வெந்நீர் இல்லாமல் அவர் குளிக்க முடியாது. இத்தனை நாளும் விறகு பாய்லர்தான். விறகு கிடைப்பதும் கஷ்டம், புகையில் அம்மாவுக்கு இருமல் வேறு.

ஜனவரியில் நானே ஒரு சோலார் ஹீட்டர் செய்தேன். நாலுக்கு ஆறடி பிளைவுட் பெட்டி, உள்ளே அரை அங்குல யூபிவிசி (வீட்டுக் குழாய் வேலைக்குப் போடும் பிளாஸ்டிக்) குழாய் 12, பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக. எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட். மேலே ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி. ஐம்பது லிட்டர் டிரம்மை மேலே வைத்து இணைத்தேன். பம்ப் கிடையாது, சூடான நீர் தானாக மேலே ஏறுகிற முறை. நல்ல வெயில் நாளில் டிரம்மில் 58 டிகிரி வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு "பாய்லரே வேண்டாம் போலிருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னும் பெரிதாகச் செய்யலாம் என்றிருந்தேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் இறங்கினோம், மூன்று நாள். போகும்போது வால்வை மூடி, டிரம்மைக் காலி செய்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குழாய்களெல்லாம் துணி காயப்போடும் கயிறு மாதிரித் தொங்கிக் கிடக்கின்றன. நான்கு எல்போ (வளைவு இணைப்பு) தனியாகக் கழன்றுவிட்டன.

பிளாஸ்டிக்கே இதற்கு ஆகாதா? வெந்நீர் லைனுக்குப் போடும் சிபிவிசிக்கு மாறினால் தாங்குமா? செம்புக் குழாய் விலை கேட்டேன், நமக்குக் கட்டாது.


குழாய் மேஸ்திரி – பிப்ரவரி 24, இரவு 10:25

தம்பி, குழாய் மேல் தப்பில்லை. யூபிவிசி குளிர்ந்த தண்ணீருக்குச் செய்தது. 60 டிகிரி வரைதான் அதற்குக் கணக்கு, 80 பக்கம் போனால் ரப்பர் மாதிரிக் குழைந்துவிடும். உள்ளே தண்ணீர் இருந்தவரை தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போனது, குழாய் பிழைத்தது. காலி செய்துவிட்டு மேலே கண்ணாடியையும் விட்டுப் போனால், அந்தப் பெட்டிக்குள் மத்தியானம் 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும்.

சிபிவிசி 82 டிகிரி வரை அழுத்தத்தோடு தாங்கும். ஆனால் காலிப் பெட்டியில் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் அதற்கும் இதே கதிதான். விலையைக் கூட்டிக்கொண்டு அதே தப்பைத் திரும்பச் செய்ய வேண்டாம்.


நேர்வழி – பிப்ரவரி 25, காலை 7:10

கடையில் நூறு லிட்டர் கண்ணாடி டியூப் சோலார் ஹீட்டர் பதினைந்தாயிரம், இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறது. உத்தரவாதம் உண்டு. பெட்டி, கண்ணாடி, குழாய், உங்கள் உழைப்பு எல்லாம் கூட்டிப் பாருங்கள். அம்மாவுக்காக என்கிறீர்கள், பரிசோதனையில் நாளைக் கடத்தாமல் வாங்கிவிடுங்கள். இது என் நேர்மையான கருத்து.


குன்னூர்க்காரி – பிப்ரவரி 25, காலை 8:02

நேர்வழி சொல்வது சமவெளிக்குச் சரி. எங்கள் வீட்டில் கண்ணாடி டியூப் ஹீட்டர் போட்டோம். குரங்குகள் குதித்து இரண்டு வருடத்தில் ஐந்து டியூப் உடைந்தது. ஒரு டியூப் உடைந்தாலே தொட்டித் தண்ணீர் முழுக்க அந்த வழியாக இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஆள் வர பத்து நாள். ஏற்காட்டிலும் குரங்குத் தொல்லை உண்டு, அதையும் யோசியுங்கள்.


உடுமலை சொட்டுநீர் – பிப்ரவரி 25, காலை 11:30

நான் விவசாயி. தோட்டத்து வீட்டில் நான்கு வருடமாக லேட்டரல் குழாயில் வெந்நீர் எடுக்கிறேன். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிறோமே, அதே 16 மி.மீ. கறுப்புக் குழாய். துளை போடாத சுருள் வாங்க வேண்டும். கொசுவர்த்திச் சுருள் மாதிரித் தட்டையாகச் சுற்றி, கம்பியால் கட்டி, தகரக் கூரைமேல் போட்டிருக்கிறேன். கண்ணாடி கிடையாது, பெட்டி கிடையாது.

எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. இரும்பு, செம்பு எதைப் போட்டாலும் உள்ளே வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். இந்தக் குழாயில் அப்படிப் படிந்து நான் பார்க்கவில்லை.

கறுப்பு என்பது வெயிலை இழுக்க மட்டும் இல்லை. அந்தக் குழாயில் கரித்தூள் கலந்திருக்கும், இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அதுதான் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிறது. அதனால்தான் வருடக்கணக்கில் வயலில் வெயிலில் கிடந்தும் நொறுங்குவதில்லை. வெள்ளைக் குழாயை வாங்கி மேலே பெயின்ட் அடித்தால் பெயின்ட் உரியும் இடத்தில் வெடிப்பு வரும்.


இயற்பியல் வாத்தியார் – பிப்ரவரி 25, மாலை 6:15

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சில கணக்குகள். சேர்வராயன் தம்பி, உங்கள் பெட்டியை வைத்தே சொல்கிறேன்.

50 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 58 வரை ஏற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவான வெப்பம் சுமார் 2.3 யூனிட் (மின்கட்டண பில்லில் வரும் அதே யூனிட்). உங்கள் பெட்டியின் பரப்பு 2.2 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து யூனிட்டுக்குக் குறையாமல் விழும், ஆக மொத்தம் 11 யூனிட். வந்தது ஐந்தில் ஒரு பங்கு. ஏன் தெரியுமா? அரை அங்குலக் குழாயின் வெளி அகலம் 21 மி.மீ. பன்னிரண்டு குழாய்க்கும் சேர்த்து 25 சென்டிமீட்டர். பெட்டியின் அகலமோ 120 சென்டிமீட்டர். அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் குழாய். மிச்ச வெயில் வெறும் பலகைமேல் விழுந்து காற்றைச் சூடாக்கியது. அந்தக் காற்றுதான் குழாயை வளைத்தது.

செம்பில் செய்தால் குழாய்களுக்கு நடுவே தகடு வைப்பார்கள். தகட்டில் விழும் சூடு ஓடிவந்து குழாயில் சேரும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் (சூட்டை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) சுமார் 400. லேட்டரல் குழாய் செய்யும் கறுப்புப் பாலிதீனுக்கு அது 0.5 கூட இல்லை, பிவிசிக்கு 0.2 கூட இல்லை. ஆகவே பிளாஸ்டிக்கில் தகடு முறை எடுபடாது. சூடு பக்கவாட்டில் நகராது.

ஆனால் குறுக்கே போக வேண்டிய தூரம் குழாய்ச் சுவரின் கனம் மட்டும்தான் என்றால்? லேட்டரல் குழாயின் சுவர் ஒன்றே கால் மி.மீ. சுமார் இருக்கும். சதுர மீட்டருக்கு 500 வாட் உள்ளே போனால் வெளிப்புறத்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான். இரண்டு மி.மீ. பிவிசி சுவர் என்றால் ஆறு டிகிரி. இரண்டுமே தாங்கக்கூடிய இழப்பு. எனவே பிளாஸ்டிக்குக்கு விதி ஒன்றுதான்: வெயில் படும் இடம் முழுக்க அடியில் தண்ணீர் இருக்க வேண்டும். குழாய்க்கும் குழாய்க்கும் இடைவெளியே கூடாது. உடுமலைக்காரர் சுருளைச் சேர்த்துச் சுற்றியது இதனால்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று. குளிக்க 58 எதற்கு? பச்சைத் தண்ணீர் கலந்து 40க்குக் கொண்டுவந்துதானே ஊற்றிக்கொள்கிறோம். ஆளுக்கு 25 லிட்டர் வீதம் நூறு லிட்டர், 15 டிகிரியிலிருந்து 40 வரை என்றால் தேவை 2.9 யூனிட். ஐம்பது லிட்டரைக் கொதிக்க விடுவதைவிட நூறு லிட்டரை வெதுவெதுப்பாக்குவது பிளாஸ்டிக்குக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. சூடு ஏற ஏற காற்றுக்குப் போகும் இழப்பும் ஏறும் அல்லவா?


வெயில்நேசன் – பிப்ரவரி 25, இரவு 9:50

வாத்தியார் ஐயா சொன்ன அதே வழியில் பிரேசிலில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். அங்கே ஏழை வீடுகளில் ஷவர் தலையிலேயே மின்சார ஹீட்டர் இருக்கும். அந்த மின்கட்டணம்தான் பெரிய சுமை.

சான்டா கட்டரினா மாநிலத்தில் துபராவோ என்ற ஊர். ஜோசே அலானோ என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக். ஊரில் பாட்டில்களை எடுத்துப்போக ஆள் இல்லை, தூக்கிப்போடவும் அவருக்கு மனசு இல்லை. 2002இல் மனைவியோடு சேர்ந்து நூறு குளிர்பான பாட்டில், நூறு பால் அட்டைப்பெட்டி வைத்து ஒரு ஹீட்டர் செய்தார். பாட்டிலின் அடியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுவில் பிவிசி குழாயை விட்டார். கறுப்புப் பெயின்ட் அடித்த அட்டையைப் பாட்டிலுக்குள் குழாயோடு வைத்தார். பாட்டில் கண்ணாடியின் வேலையைச் செய்கிறது. செய்முறையை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார், பல ஊர்களில் பரவியது.

சாவோ பாவ்லோவில் சோசியடாடே டோ சோல் என்ற அமைப்பு இன்னொரு வழி கண்டது. அறைக் கூரைக்கு அடிக்கிற பிவிசி சீலிங் பலகை இருக்கிறதே, உள்ளே நீளநீளமாகப் பொந்து இருக்கும். அந்தப் பொந்துகளில் தண்ணீரை ஓடவிட்டு, மேல்புறம் கறுப்பு அடித்தார்கள். கண்ணாடி போடவே இல்லை. மறந்து போய் போடாமல் விட்டதல்ல, பிவிசி இளகும் அளவுக்குச் சூடு ஏறக்கூடாது என்றே விட்டார்கள். குறைகிற சூட்டை ஷவரில் இருக்கும் மின்சாரம் ஈடு செய்யும்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தத் துணிவு. கிடைக்கிற பொருளுக்கு ஏற்ற மாதிரி ஹீட்டரை வடிவமைத்தார்கள்.


குழாய் மேஸ்திரி – பிப்ரவரி 26, காலை 6:55

சீலிங் பலகையை நான் ஒருவருக்குச் செய்து கொடுத்தேன். இங்கே எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. பலகை சரி, ஒட்டுதான் தலைவலி. இரண்டு முனையிலும் ஒன்றே கால் அங்குலக் குழாயை நீளவாக்கில் கீறி, பலகையை உள்ளே செருகி, எபாக்சி பசை போட வேண்டும். முதல் தடவை ஒட்டும் இடத்தை உப்புக்காகிதம் தேய்க்காமல் ஒட்டினேன், மூன்று இடத்தில் கசிந்தது. தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டினால் நிற்கிறது. தண்ணீர்த் தொட்டி அதற்கு மேல் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். நேராக மேல்நிலைத் தொட்டி லைனிலோ பிரஷர் பம்பிலோ கொடுத்தால் பிளந்துவிடும்.


தேயிலைமலை (நுவரெலியா, இலங்கை) – பிப்ரவரி 26, காலை 10:20

எங்கள் தோட்டத்து லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சுடுதண்ணிக்கு விறகுதான். நான் செய்தது மிகச் சாதாரணம். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றுக்குக் கறுப்பு அடித்து, பழைய அலமாரிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, சுற்றிலும் மரத்தூள், மேலே பிளாஸ்டிக் தாள். வெயில் நாளில் பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் குளிக்க அளவான சூடு. ஆனால் இரவு தங்காது, விடியும்போது பச்சைத் தண்ணிதான். மூடுபனி நாளில் ஒன்றுமே இல்லை. பின்னேரம் குளிக்கிற குடும்பத்துக்கு இது போதும், காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் போதாது.


ஆய்வகம் – பிப்ரவரி 26, மதியம் 1:35

மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மூன்று விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்குச் சொர்க்கம், 60க்கு மேல் செத்துவிடும். குடிப்பதால் அல்ல, தண்ணீர்த் திவலையை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆகவே 40 போதும் என்று வடிவமைத்தால், அன்றைக்குச் சூடான தண்ணீரை அன்றைக்கோ மறுநாள் காலையிலோ முழுக்கத் தீர்த்துவிடுங்கள். நாட்கணக்கில் தேக்க வேண்டாம். மாதம் ஒருமுறை டிரம்மைக் கழுவி குளோரின் போடுங்கள். அம்மாவுக்கு ஷவர் வேண்டாம், வாளியில் பிடித்துச் சொம்பால் ஊற்றட்டும்.

இரண்டாவது, இந்தத் தண்ணீரில் சமைக்கவோ குடிக்கவோ வேண்டாம். பழைய பிவிசி குழாய்களில் ஈயம் கலந்த நிலைப்படுத்தி உண்டு. அதைப் படிப்படியாக ஒழிக்க மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. பழைய இருப்பும் பெயரில்லாத குழாயும் கடைகளில் இருக்கலாம்.

மூன்றாவது, பாட்டில் ஹீட்டரில் பாட்டிலின் பிளாஸ்டிக் தண்ணீரில் கலக்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வெயில்நேசன் சொன்ன முறையில் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதே இல்லை, குழாய்க்குள்தான் ஓடுகிறது. அந்தப் பயம் வேண்டாம்.


சேர்வராயன் – பிப்ரவரி 26, இரவு 9:15

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. வாத்தியார் ஐயா கணக்கைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பெட்டியைத் திரும்ப அளந்தேன், அப்படியேதான் இருக்கிறது. வாளிதான் அம்மாவுக்கும் வசதி.

லேட்டரல் சுருளுக்குப் போகிறேன். இரண்டு சந்தேகம். சுருளில் தண்ணீர் தானாக ஏறுமா? ஏற்காட்டுக் காற்றுக்குக் கண்ணாடி இல்லாமல் சூடு நிற்குமா?


உடுமலை சொட்டுநீர் – பிப்ரவரி 27, காலை 5:50

தானாக ஏறாது. தட்டையாகப் படுத்த சுருளில் காற்று மாட்டிக்கொள்ளும், உராய்வும் அதிகம். சின்ன 12 வோல்ட் டிசி பம்ப் ஒன்று, 20 வாட் சோலார் பலகை ஒன்று, நேரடி இணைப்பு. பேட்டரி வேண்டாம். வெயில் வந்தால் ஓடும், மேகம் மூடினால் நிற்கும். வேறு கட்டுப்பாடே தேவையில்லை. சூடான தண்ணீருக்கான பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

நூறு மீட்டரை ஒரே நீளமாக விடாதீர்கள். 25 மீட்டர் சுருளாக ஆறு போடுங்கள், 150 மீட்டர். ஒரு பக்கம் ஆறும் ஒரு குழாயில் சேரட்டும், மறுபக்கமும் அப்படியே. வெயில் படும் பரப்பு 2.4 சதுர மீட்டர் வரும். சொட்டுநீருக்குப் போடும் குரோமெட்டும் (துளையில் வைக்கும் ரப்பர் வளையம்) டேக் ஆஃப்பும் (பெரிய குழாயிலிருந்து லேட்டரலைப் பிரிக்கும் இணைப்பு) போதும். சூட்டில் முள் இணைப்பு நழுவும், ஒவ்வொன்றுக்கும் கிளிப் போட்டு இறுக்குங்கள்.


இயற்பியல் வாத்தியார் – பிப்ரவரி 27, காலை 9:05

காற்றுக்கு மூடி தேவைதான். மலையில் 20 டிகிரிக் காற்று வீசிக்கொண்டிருந்தால் திறந்த சுருள் 35ஐத் தாண்டத் திணறும். ஆனால் கண்ணாடி வேண்டாம். பாலிஹவுஸ் ஷீட், அதாவது பூச்செடிக் கூடாரத்துக்குப் போடும் 200 மைக்ரான் தாள், ஒரு அடுக்கு போதும். கண்ணாடி, பாலிகார்பனேட் மாதிரி அது வெப்பக் கதிரை முழுக்கத் தடுக்காது, கொஞ்சம் வெளியே விட்டுவிடும். சாதாரணமாக அது குறை. நமக்கு அதுவே பாதுகாப்பு. பம்ப் நின்றுபோன நாளிலும் உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறாது. மேல் ஓரத்தில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, வெளியூர் போகும்போது தாளைச் சுருட்டி வையுங்கள்.

தெற்குப் பார்த்துச் சுமார் 25 டிகிரி சாய்வு. ஏற்காட்டின் அட்சரேகை 12க்குள்தான், ஆனால் உங்களுக்கு வெந்நீர் தேவைப்படுவது மார்கழி, தையில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்.


குன்னூர்க்காரி – பிப்ரவரி 27, காலை 11:40

ஒரு நல்ல செய்தி சேர்க்கிறேன். எங்கள் பக்கம் உறைபனி இரவுகளில் செம்பும் பிவிசியும் வெடித்திருக்கின்றன. கறுப்புப் பாலிதீன் குழாய் உள்ளே உறைந்தாலும் கொஞ்சம் விரிந்து கொடுத்துவிடும். ஆனால் இணைப்புகள் அப்படிக் கொடுக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.


நேர்வழி – பிப்ரவரி 27, இரவு 8:30

குரங்கு, உப்புத் தண்ணீர், உறைபனி. இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். செலவுக் கணக்கை மட்டும் முடிந்ததும் முழுதாகப் போடுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.


சேர்வராயன் – டிசம்பர் 29, இரவு 10:05

இழையைத் திரும்பத் திறப்பதற்கு மன்னிக்கவும். மழை முடியும்வரை காத்திருந்தேன். இப்போது ஐந்து வாரக் கணக்கு கையில் இருக்கிறது.

ஆறு சுருள், 150 மீட்டர், பாலிஹவுஸ் தாள், 12 வோல்ட் பம்ப். தொட்டி நூறு லிட்டர் டிரம், சுற்றிலும் இரண்டு அங்குலத் தெர்மாகோல், அதற்கு வெளியே உமி அடைத்த சாக்கு. நல்ல வெயில் நாளில் காலை 14 டிகிரி, மாலை மூன்றரைக்கு 43. முதலில் தாள் இல்லாமல் பார்த்தேன், 36க்கு மேல் ஏறவில்லை. வாத்தியார் ஐயா சொன்னது கிட்டத்தட்ட அப்படியே. மேகமூட்டமான நாளில் 24, 25 வரும். அன்றைக்குப் பாய்லர் மூட்டினாலும் பாதி விறகுதான்.

முதல் வாரம் ஒரு குழப்பம். மாலையில் 42 இருந்த தண்ணீர் விடிந்தால் 27. தெர்மாகோல் சரியில்லை என்று நினைத்து இன்னொரு அடுக்கு சுற்றினேன், மாற்றமே இல்லை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மாடிக்குப் போய்ச் சுருளைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. குளியலறைப் பரணில் தொட்டியை வைத்திருந்தேன், சுருள் அதைவிட உயரம். இரவில் சுருளில் குளிர்ந்த நீர் கீழே இறங்க, தொட்டியின் சூடான நீர் மேலே ஏறி, இரவு முழுக்க வானத்துக்குச் சூடு போயிருக்கிறது. பம்ப் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டதும் நின்றது. இப்போது காலை ஆறு மணிக்கு 37 இருக்கிறது.

நேர்வழி கேட்ட செலவு: லேட்டரல் குழாயும் இணைப்புகளும் 2,300, பம்ப் 850, சோலார் பலகை 1,400, தாள் 600, டிரம்மும் தெர்மாகோலும் 1,500, வால்வும் சில்லறையும் 700. மொத்தம் 7,350 ரூபாய். ஜன்னல் கண்ணாடியை விற்றதில் கொஞ்சம் திரும்ப வந்தது, அதைச் சேர்க்கவில்லை.

குறையும் உண்டு. மத்தியானம் குழாய் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. வாரம் ஒரு முறையாவது ஏதோ ஒரு டேக் ஆஃப்பில் தண்ணீர் சொட்டுகிறது. கிளிப்பை இறுக்கினால் நிற்கும், அடுத்த வாரம் வேறு இடம். இதற்கு நிரந்தர வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குழாய் மேஸ்திரி – டிசம்பர் 30, காலை 6:20

தம்பி, ரொம்பச் சந்தோஷம். பாலிதீன் குழாய் மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், 0.2 மி.மீ. நீளும். முப்பது டிகிரி ஏறினால் பத்து மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர். சுருளைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பீர்கள், அந்த நீளம் போக்கிடம் இல்லாமல் இணைப்பைத்தான் இழுக்கும். கட்டுக்கம்பியைத் தளர்த்துங்கள், குழாய் உள்ளே வழுக்கிப் போகட்டும். ஒவ்வொரு டேக் ஆஃப்புக்கும் முன்னால் ஒரு முழம் குழாயை வளையமாகச் சும்மா விடுங்கள். பொங்கலுக்குள் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.


சேர்வராயன் – டிசம்பர் 30, காலை 7:05

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் அண்ணே. கம்பியை இரண்டு சுற்று இறுக்கித்தான் கட்டியிருக்கிறேன். அம்மா குளித்துக்கொண்டிருக்கிறார், வெளியே 12 டிகிரி.